போத்தலில் மிஞ்சிய எண்ணெய்

அத்தை வீட்டில் தேநீர் குடிக்க முதலில் குனியத் தெரிந்திருக்க வேண்டும். கிளாஸைக் கையில் எடுக்க முடியாது. விளிம்பு வரை நிரம்பி, அதற்கு மேலும் கொஞ்சம் எழும்பி நிற்கும். மேசையில் வைத்தபடியே வாயைக் கொண்டுபோய் இரண்டு மடக்கு உறிஞ்சிவிட்டு, அப்புறம்தான் கிளாஸைத் தொடலாம். புதிதாக வருகிறவர்கள் இது தெரியாமல் தூக்கிவிடுவார்கள். சட்டையில் கொட்டிக்கொண்டு அவர்கள் நெளியும்போது அத்தை துணி கொண்டுவந்து துடைத்துவிடுவார். துடைத்த கையோடு கிளாஸை மறுபடி விளிம்பு வரை நிரப்பியும் வைப்பார்.

உண்மையில் அவர் எனக்கு அத்தையே இல்லை. மலாக்காவின் ரெம்பியாவில் வேலை கிடைத்து நான் குடிவந்த தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான். முதல் நாள் "ஆன்டி" என்று கூப்பிட்டேன். "ஆன்டி கீன்டி எல்லாம் வேணாம்லா, அத்தைன்னே கூப்பிடு. எனக்கு ஒரே மவன்தான், பயப்படாத" என்றார். பெண் இல்லாத அத்தை என்பதால் நானும் தைரியமாகக் கூப்பிட ஆரம்பித்தேன். அவர் பதிலுக்கு என்னை "மருமவனே" என்பார். அந்த உறவு எனக்குச் சோறு போட்ட அளவுக்கு என் சொந்த உறவுகள் யாரும் போட்டதில்லை.

கொஞ்சமாக ஊற்றத் தெரியாதவர் அவர். கை அப்படி. சோறோ குழம்போ தண்ணீரோ, அவர் கையிலிருந்து எது இறங்கினாலும் பாத்திரம் போதும் என்று சொன்ன பிறகும் கொஞ்சம் இறங்கும். கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருப்பார். "பத்தாம போயிடக் கூடாதுல்ல."

கோயில் அன்னதானத்தில் அவர் பரிமாறும் வரிசையில் உட்காருவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். மற்றவர்கள் பரிமாறினால் இலைக்குக் குறுக்கே கையை நீட்டிப் போதும் என்று சொல்லலாம். அத்தையிடம் அந்த வித்தை பலிக்காது. கையை நீட்டினால் கை மேலேயே சாம்பார் விழும். சூடு தாங்காமல் கையை எடுத்ததும் இலையில் மீதி விழும். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் அப்படிப் புறங்கை சிவந்து எழுந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்த வாரமும் அவர் அதே வரிசையில்தான் உட்கார்ந்தார். ருசி அப்படி.

அவர் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் சமையல் வேலை பார்த்தார். தட்டுக்கு ஒரு கரண்டி குழம்பு என்பது அங்கே சட்டம். அத்தை வந்ததிலிருந்து குழம்பு பாதி வரிசையிலேயே தீர்ந்துபோனதால் முதலாளி யோசித்து யோசித்துச் சின்னக் கரண்டி ஒன்று வாங்கி வந்தார். அன்றிலிருந்து அத்தை இரண்டு கரண்டி ஊற்றினார். முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது கொஞ்சமும் தயங்காமல், "ஒண்ணு அவங்களுக்கு, இன்னொண்ணு கரண்டி சின்னதா இருக்கறதுக்கு" என்றாராம். முதலாளி பழைய கரண்டியையே திரும்பக் கொடுத்துவிட்டார். அதில் இழப்பு குறைவு என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இப்படி ஒரு கை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், பசியும் பட்டினியுமாக ஏதோ கண்கலங்கும் கதை வரப்போகிறது என்று நான் தயாராக உட்கார்ந்திருந்தேன். "எங்கம்மா பெரிய கஞ்சம்லா. தாளிக்கறதுக்கு விரல எண்ணெயில தொட்டுச் சட்டியில தடவும். அது மாதிரி மட்டும் ஆயிடக் கூடாதுன்னு சின்ன வயசுலயே முடிவு பண்ணிட்டேன்" என்றார். அவ்வளவுதான் கதை. சொல்லிக்கொண்டே என் தட்டில் இன்னும் இரண்டு தோசையைத் தள்ளினார். அந்த வருடம் என் பேன்ட் கொக்கிகள் ஒவ்வொன்றாக என்னைக் கைவிட்டன.

அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு கப்சாய் இருந்தது. எங்கள் ஊரில் சின்ன மோட்டர் சைக்கிளுக்கு அதுதான் பெயர். என்னிடமும் ஒன்று இருந்தது, கறுப்பு. ஆனால் அத்தையின் வண்டிக்குக் கிடைத்த சாப்பாடு என் வண்டிக்குக் கிடைத்ததில்லை. பெட்ரோல் போடும்போது மூடியைத் தாண்டி வழிந்தால்தான் அவருக்குத் திருப்தி. டயருக்குக் காற்று பிடித்தால் கல் மாதிரி ஆகும்வரை விடமாட்டார். சாலையில் சின்ன மேட்டில் ஏறினாலும் வண்டி துள்ளும், அதன் மேல் அத்தையும் துள்ளுவார். முன்கூடையில் யாருக்காவது கொடுக்கக் கட்டிய சாப்பாட்டுப் பொட்டலங்களும் சேர்ந்து துள்ளும். வண்டியை அவர் "இவன்" என்றுதான் சொல்வார்.

அந்த இவன் ஒருநாள் படுத்துவிட்டான். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. முறுக்கினால் வேகம் வருவதற்குப் பதில் விக்கல் வந்தது, பின்னால் புகை வேறு. நான் எனக்குத் தெரிந்த வைத்தியமாக ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். என்ஜினுக்குள் போகிற காற்றிலிருந்து தூசியைப் பிடித்து வைக்க அதற்குள் ஒரு பஞ்சு இருக்கும். காற்றுக்கு மட்டுமான வழி அது. அங்கே எண்ணெய்க்கு வேலையே இல்லை. ஆனால் அத்தையின் பஞ்சு, அவர் சுட்ட வடை மாதிரி எண்ணெயில் ஊறிக் கிடந்தது. பெட்டியின் அடியிலும் கறுப்பாகத் தேங்கி நின்றது.

அலோர் காஜாவில் ஒரு மோட்டர் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த இளைஞர் பஞ்சைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். வேறெதையும் பார்க்கவில்லை. "ரிங் போச்சுக்கா. பிஸ்டன் ரிங் தேஞ்சா எண்ணெய் இப்படித்தான் மேல ஏறி ஃபில்டருக்கு வரும். என்ஜினைத் திறக்கணும். ஆனா இந்தப் பழைய வண்டிக்குச் செலவு பண்றதுக்கு இத வித்துடலாம்லா" என்றார். நன்றாகப் பேசினார். அத்தை வண்டியைக் கடையிலிருந்து உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

அந்தச் செய்தி ஜொகூர் பாருவில் இருந்த மகனுக்குப் போனது. கணவர் இறந்த பிறகு தாயைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மகன் என்று சொல்ல மாட்டேன், அக்கறையுள்ளவர். "நல்லதாப் போச்சு. அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வர்றேன். வண்டிய வித்துட்டு உங்களையும் கூட்டிட்டு வந்துடுறேன். வண்டி இல்லாம எப்படிம்மா வேலைக்குப் போவீங்க?" என்றார். கேள்வி நியாயமானது. கேன்டீன் அடுப்பு விடிவதற்கு முன்பே எரிய வேண்டும், அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பேருந்து கிடையாது. வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் அடுக்குமாடியில் தனியாக உட்கார்ந்து மாலை வரை சுவரைப் பார்க்க வேண்டியதுதான். "அவன் வீட்டு குசினியில திரும்பினா இடுப்பு இடிக்குது மருமவனே. சட்டியெல்லாம் பொம்மைச் சட்டி. நான் அங்க யாருக்கு ஆக்கறது?" என்றார்.

அன்று மாலை எனக்கு வந்த தேநீர் முக்கால் கிளாஸ்தான் இருந்தது. குனியாமலே எடுத்துக் குடித்தேன். எனக்குப் பயமாகிவிட்டது.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் சொல்லி, அந்தச் சனிக்கிழமை மஸ்ஜித் தானாவுக்குப் போகிற சாலையில் ஒரு மலாய்க்காரரின் மோட்டர் கடைக்குப் போனோம். ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். அத்தையை "மக்சிக்" என்று அழைத்தார். அதுவும் அத்தைதான், மலாயில். தின்று முடித்துக் கையைத் துடைத்துவிட்டு வண்டியை நடு ஸ்டாண்டில் நேராக நிறுத்தினார். என்ஜினில் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்க வேண்டிய எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது.

அவர் கம்பியையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மலாயில் நிதானமாகச் சொன்னார். "ரிங் போன வண்டி எண்ணெயக் குடிச்சுடும் மக்சிக். அளவு குறையணும். இதுல கூடியிருக்கு. தானா எப்படிக் கூடும்? யாராவது ஊத்துனீங்களா?"

"யாரும் ஊத்தல" என்றார் அத்தை. அவர் கண் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் இருந்தது. சனிக்கிழமையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறி தட்டியது. சனிக்கிழமைக் காலைகளில் அத்தை வீட்டு வாசலில் அடியை வெட்டிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் புனலாகப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். செடிக்கு ஏதோ செய்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் வீட்டில் செடியே கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அத்தை" என்றேன்.

"ஊத்தலப்பா. மிச்சத்தத்தான் குடுத்தேன்."

விஷயம் இதுதான். எண்ணெய் மாற்றும்போது புதுப் போத்தலில் இருப்பது முழுவதும் அந்தச் சின்ன என்ஜினுக்குத் தேவைப்படாது. அடியில் கொஞ்சம் மிஞ்சும். கடையில் அதை மூடிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்த மிச்சம் அத்தையை உறுத்திக்கொண்டே இருக்கும். அவனுக்கென்று வாங்கியதை அவனுக்குக் கொடுக்காமல் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதா? ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றுகிறவர் இல்லை. கம்பியை விட்டுப் பார்த்து, குறைவாக இருந்தால்தான் ஊற்றுவாராம். ஒவ்வொரு சனிக்கிழமையும் குறைவாகத்தான் இருந்ததாம்.

"எப்படிப் பாத்தீங்க, காட்டுங்க" என்றார் கடைக்காரர். அத்தை வண்டியை எடுத்து, வீட்டு வாசலில் நிறுத்துவது போலவே பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினார். கம்பியை விட்டு எடுத்துக் காட்டினார். அத்தனை எண்ணெய் இருந்தும் கம்பியின் நுனியில் மட்டும்தான் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "பாருங்க, அடியிலதான் இருக்கு" என்றார் நியாயம் கேட்கும் குரலில்.

கடைக்காரர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். சாய்த்து நிறுத்தினால் எண்ணெய் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிவிடும், கம்பி இருக்கிற பக்கம் காலியாகத் தெரியும் என்று விளக்கினார். "சாஞ்சு நிக்கறப்ப இவன்கிட்ட கேட்டா பசிக்குதுன்னுதான் சொல்லுவான். நிமித்தி வச்சுக் கேளுங்க, உண்மையச் சொல்லுவான்." கூடுதலாகிப்போன எண்ணெயை உள்ளே சுற்றுகிற இரும்பு அடித்துக் கலக்கும், அது என்ஜின் மூச்சுவிடுகிற குழாய் வழியாக ஏறி ஃபில்டர் பெட்டியில் போய் விழும் என்றார். அளவுக்கு மீறிப் பால் குடித்த பிள்ளைக்கு மூக்கு வழியாக வருகிற கதைதான். நான் வயிற்றைத் தடவிக்கொண்டேன். அந்த வண்டியின் நிலைமை அங்கிருந்த எல்லோரையும்விட எனக்குத்தான் புரிந்தது.

ஆனால் அவர் சத்தியம் பண்ணிக் கொடுக்கவில்லை. "வயசான வண்டி. ரிங்கும் தேஞ்சிருக்கலாம், எனக்குத் தெரியாது" என்றார். கூடுதல் எண்ணெயை இறக்கினார். பெட்டியைத் துடைத்து, பஞ்சைக் கழுவிக் காயவைத்து மாட்டினார். ஒரு வாரம் வழக்கம் போல ஓட்ட வேண்டும், ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. பிறகு திறந்தால் பெட்டி சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய் மறுபடி வந்திருந்தால் அலோர் காஜா இளைஞர் சொன்னதுதான் சரி. அத்தை தலையாட்டினார். அந்த வாரம் முடிகிற ஞாயிறுதான் மகன் வருகிற நாள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்த மிச்சப் போத்தலை என் கையில் கொடுத்தார். "உன் வீட்டுல வச்சுப் பூட்டிக்க. என் கண்ணுல படக் கூடாது."

அந்த வாரத்தை நான் மறக்க மாட்டேன். வேலை விட்டு வந்தால் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "பாவம்லா, வாடிப்போய் நிக்கறான்."

"வண்டி வாடாது அத்தை."

"ஒரு மூடி மட்டும்?"

"ஒரு மூடியும் கூடாது. ஜொகூர் போகணுமா?"

அந்தக் கேள்விக்கு மட்டும் உள்ளே போய்விடுவார். ஒருநாள் சீனி கடன் கேட்டு என் சமையலறைக்குள் வந்தார். எனக்கே சீனி அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது. கண் அலமாரி அலமாரியாகத் தேடியது. போத்தலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். வெறுங்கையோடு போனவர் சற்று நேரத்தில் ஒரு சட்டிப் பாயசத்தோடு திரும்பி வந்தார். வண்டிக்குப் போகாததெல்லாம் அந்த வாரம் எனக்குத்தான் வந்தது, மீதி தெரு நாய்க்குப் போனது. அந்த நாய் வெயிலில் படுத்தால் எழுந்திருக்க முடியாமல் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தார். நான் ஸ்குரு டிரைவரோடு உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டார். அத்தை வெளியே வரவில்லை. இரும்புக் கதவுக்குப் பின்னால் கையில் கரண்டியோடு நின்றார். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. பெட்டி மூடியின் ஸ்குருக்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அத்தை இல்லாத தெருவை என்னால் யோசித்துப் பார்க்க முடியவில்லை.

பெட்டி சுத்தமாக இருந்தது. டிஷ்யூவை விட்டுத் துடைத்துக் காட்டினேன், லேசாகத் தூசி மட்டும். மகன் நம்பாமல் தன் கைக்குட்டையை விட்டு அடிவரை துடைத்துப் பார்த்தார். கைக்குட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். அத்தை உள்ளே போனார். சட்டி பானைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

அன்று மகனுக்கு வைத்த சோற்றுக்கு அந்தப் பக்கம் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. "போதும்மா" என்றவர் கை மேல் ரசம் விழுந்தது. சாயங்காலம் அவர் தனியாகத்தான் திரும்பிப் போனார். தனியாக என்றால் ஆள் மட்டும்தான் தனி. கார் நிறையப் பொட்டலங்கள் இருந்தன.

அதற்கப்புறம் அத்தை வண்டியை நிமிர்த்தி வைத்துத்தான் கேட்டார். நிறைவாக இருந்தால் பெருமூச்சு விட்டுவிட்டு மூடிவிடுவார். அந்த ஒழுக்கத்தை என் கண்ணால் பார்த்துத்தான் நம்பினேன்.

பின்னொரு வருடம் எனக்குச் சுங்கை ரம்பாயில் வேலை கிடைத்தது. மலாக்காவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. வீட்டைக் காலி செய்த காலையில், கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்து அத்தைக்குச் சேரட்டும் என்று வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தேன். இனி ஆபத்தில்லை என்ற நம்பிக்கைதான். அத்தை ஒரு குடும்பமே தின்னக்கூடிய சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். அழவில்லை. இளைத்துப் போனால் உதைப்பேன் என்றார். நான் உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தபோது என் வண்டிக்குப் பக்கத்தில் நின்று நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சமையல் கை என்று நினைத்துக்கொண்டேன்.

சுங்கை ரம்பாய் போன கொஞ்ச நாளில் என் கறுப்பு வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அங்கிருந்த கடையில் ஃபில்டரைத் திறந்தார்கள். பஞ்சு ஊறிக் கிடந்தது. "ரிங் போச்சு" என்றார் கடைக்காரர். எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் நிறைந்துவிட்டது. "ரிங் இல்ல அண்ணே. கொஞ்சம் இறக்குனா போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அத்தைக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன் அத்தை. என் வண்டிக்கு எண்ணெய் ஊத்துனீங்களா?"

"எவ்வளவு தூரம் போற. வழியில பத்தாம போயிடக் கூடாதுல்ல. கம்பி வுட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்துனேன். அடியிலதான் இருந்துச்சு."

"வண்டி சாஞ்சு நின்னுச்சு அத்தை. நிமித்தி வச்சுப் பாக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

"தெரியும்லா" என்றார் அத்தை. "நிமித்துனா நிறைய இருக்குன்னு காட்டிடுமே. அப்புறம் எப்படி ஊத்தறது?"